நாள்களால் அளக்க வேண்டிய உதவி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



உயர்கல்வியின் பொருளாதாரம் என்ற பரப்புக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். கல்விக் கடன், தனியார்மயம், ஆராய்ச்சி நிதி என்று பெரிய தலைப்புகள் பல உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கும் ஒருவருக்கோ பிஎச்.டி. செய்யும் ஒருவருக்கோ எதிர்பாராமல் ஒரு நெருக்கடி வருகிறது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போய்விட்டது. வரவேண்டிய உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. அந்த மாதத்தை அவர் எப்படிக் கடக்கிறார்? அவர் படிக்கும் நிறுவனம் அப்போது என்ன செய்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் உதவித்தொகைத் திட்டங்கள் பல இருக்கின்றன. அவசர உதவிக்கென்று ஓர் ஏற்பாடு ஏறக்குறைய எங்குமே இல்லை. முன்னது இருப்பதால் பின்னதும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உதவித்தொகை எத்தனை ரூபாய் என்று கேட்டு அதன் தகுதியை முடிவு செய்யலாம். அவசர உதவி எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று கேட்டால்தான் அது உதவியா இல்லையா என்பது தெரியும். நம்முடைய விதிகள், படிவங்கள், கையெழுத்துகள் எல்லாம் தொகையைக் காப்பாற்றுவதற்காக அமைந்தவை. நாளைக் காப்பாற்ற ஒரு விதிகூட எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

1. இடைவெளியில் நிற்பவர்கள்

தமிழ்நாட்டில் கல்விக்கான நலத்திட்டங்கள் குறைவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள். இரண்டும் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பாக வைக்கும் திட்டமும் இங்கே உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு அதுவும் முடிந்துவிடுகிறது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகளுக்கும் அதே விபத்துதான், அதே இழப்புதான். அவருக்கு அப்படி ஒரு வழி இல்லை.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. முதுநிலைக்கு வந்தவர் பெரியவர், தன் காலில் நிற்பவர் என்ற பொது எண்ணமே காரணம். குடும்பமும் அப்படித்தான் பார்க்கிறது. இருபத்திரண்டு வயதில் தம்பி, தங்கை படிப்புக்கு அவரும் ஏதாவது தருவார் என்று வீடு காத்திருக்கிறது. அவரோ வாரக் கடைசியில் டியூஷன் எடுத்து, கல்யாண மண்டபத்தில் பரிமாறி, ஜவுளிக்கடையில் தீபாவளி வேலை பார்த்து விடுதிச் செலவைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். குழந்தைக்குரிய பாதுகாப்பும் இல்லை, சம்பளக்காரருக்குரிய இ.எஸ்.ஐ., பி.எஃப். போன்றவையும் இல்லை. ஆய்வாளர் நிலை இன்னும் கடினம். உதவித்தொகை பெறும் ஆய்வாளர்களில் பலர் அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ஊருக்கு அனுப்புகிறார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒருவருக்கு வரும் பணம். உண்மையில் அதில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள்.

2. நெருக்கடியின் அளவு

இந்த நெருக்கடிகளில் தேவைப்படும் தொகை பெரும்பாலும் சிறியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெருக்கடி என்றதும் லட்சங்கள் நம் மனதில் வந்து, நம்மால் ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அப்பாவுக்கு இதய அறுவை என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் அறுவைச் செலவு அடங்கிவிடும். அது பெரிய விஷயம். ஆனால் ராமநாதபுரத்தில் இருந்து மதுரைக்கோ சென்னைக்கோ வந்து மூன்று வாரம் உடனிருப்பவரின் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, அப்பா வேலைக்குப் போகாத நாள்களின் கூலி இவையெல்லாம் காப்பீட்டில் வராது. உடனிருப்பவர் யார்? வீட்டில் படித்தவர், டாக்டரிடம் பேசத் தெரிந்தவர் என்பதால் அந்த முதுநிலை மாணவர்தான். திரும்பி வரும்போது விடுதியில் மெஸ் பில் பாக்கி நிற்கும். பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்பது பல இடங்களில் எழுதப்படாத சட்டம். வருகைப் பதிவும் குறைந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் வரும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் விழுந்தன. நெல் அழிந்தால் அடுத்த போகத்தில் கொஞ்சமாவது மீளலாம். தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மகனின் எம்.எஸ்சி. கட்டணம் அந்தக் காயில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது என்றால், அந்தக் குடும்பத்துக்கு நவம்பர் 16க்குப் பிறகு வருமானமே இல்லை. அவர்கள் கையில் இருந்த வருமானச் சான்றிதழோ முந்தைய ஆண்டின் தோப்பைக் கணக்கிட்டு எழுதியது. இந்தச் சான்றிதழ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பணம் வராதபோது என்ன நடக்கிறது? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். சங்கிலி இல்லாத வீட்டில் மைக்ரோ பைனான்ஸ் குழுவில் அம்மா பெயரில் இன்னொரு கடன் ஏறும். அல்லது கைபேசியில் கடன் செயலி. அதிக வட்டி வசூலிப்பைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் நெறிமுறைகள் வகுத்தது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு ஐயாயிரம் ரூபாய் தேவைப்படுபவருக்கு உடனே பதில் சொல்வது கடன் செயலிதான். நாள் கணக்கில் நம்மை அது தோற்கடித்துவிட்டது.

கடனும் கிடைக்காவிட்டால், அந்த மாணவர் ஒரு செமஸ்டர் மட்டும் நிறுத்திக்கொள்கிறேன் என்று ஊருக்குப் போகிறார். நான் பணியாற்றிய ஆண்டுகளில் இப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே வருகைக் குறைவு என்றோ படிப்பை நிறுத்தியவர் என்றோ இருக்கும். பத்தாயிரம் ரூபாய் இல்லாததால் போனார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அதனால் இந்த இழப்பு நம் கணக்கில் வருவதே இல்லை.

3. இரண்டு பழைய வாழ்க்கைகள்

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த இருவரின் வாழ்க்கையில், அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன்.

சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. (இடைநிலை) தேர்வில் தேறவில்லை. அதற்குப் பின் சில ஆண்டுகள் பட்டமில்லாமல், வேலையில்லாமல், நோட்டுப் புத்தகங்களோடு அலைந்தார். 1910 இறுதியில் நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவைப் பார்த்தார். ராவ் கணித ஆர்வம் உள்ளவர். ராமானுஜனுக்கு முறையான உதவித்தொகை ஒன்றை வாங்கித் தர முயன்றார். அது கைகூடும்வரை தன் கையில் இருந்தே மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். உதவித்தொகை முயற்சி கடைசியில் பலிக்கவில்லை. பிறரைச் சார்ந்திருக்க விரும்பாத ராமானுஜன் 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அதற்கும் முதுநிலைப் பட்டம் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட் அந்தத் தடையைக் கடந்து முடிவெடுத்தது. அந்த முடிவை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். பல்கலைக்கழகத்தின் பணம் வருவதற்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்பே ராவ் கொடுத்த பணம் வந்துவிட்டது என்பதை நாம் பேசுவதில்லை. 25 ரூபாய் 75 ரூபாயைவிடச் சிறியதுதான். ஆனால் அந்த 25 இல்லாமல் 75க்கு ஆள் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

1914இல் கேம்பிரிட்ஜ் போகும்போது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுனைக் கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குச் சேர்க்க ராமானுஜன் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். சற்று முன் சொன்னேனே, உதவித்தொகையில் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று, அது இன்று நேற்று வந்த வழக்கமில்லை.

அடுத்து அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் என்ற சட்டப் பயிற்சி நிறுவனத்திலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில் நின்றது. அவர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் வேலைக்குப் போன அவருக்குச் சாதியின் பெயரால் தங்க இடம்கூட மறுக்கப்பட்டது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜாவும் நண்பர் நவல் பத்தேனாவும் கொடுத்த பணத்தையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடி லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பெற்றார்.

மூன்று ஆண்டு இடைவெளி. அந்த அறிவாளியின் வாழ்நாளில் மூன்று ஆண்டு, பணம் இல்லாத ஒரே காரணத்தால் போனது. ஆயினும் அவரால் திரும்பிப் போக முடிந்தது. லண்டன் பொருளியல் பள்ளி நான்கு ஆண்டுகள்வரை மீண்டு வந்து தொடரலாம் என்று அவருக்கு இடத்தை வைத்திருந்தது. அவசர உதவி என்றால் பணம் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. இடத்தைக் காத்து வைப்பதும் உதவிதான். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பின்னாளில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1944இல், தாழ்த்தப்பட்டோருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. எண்பது ஆண்டு கடந்தும் அது இன்று நம் மாணவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

4. இன்று நாள்கள் எங்கே போகின்றன

யு.ஜி.சி. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்; மூன்றாம் ஆண்டில் இருந்து 42,000. நல்ல தொகை. அது எப்படிக் கைக்கு வருகிறது? மாதந்தோறும் ஆய்வாளர் பணியில் இருக்கிறார் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் இணையத்தில் பதிய வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேக்கர், செக்கர் என்று அலுவலகங்களில் சொல்கிறார்கள். செக்கர் விடுப்பில் போனால், கடவுச்சொல் காலாவதியானால், அந்த மாதப் பணம் அடுத்த மாதம். தவறு யாருடையது என்று தேடி முடிப்பதற்குள் விடுதியில் அபராதம் ஏறிவிடும்.

திட்டமே நிறுத்தப்படும்போது நிலைமை இன்னும் மோசம். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. முன்பே சேர்ந்தவர்களுக்குத் தொடரும் என்றார்கள். அந்த ஆய்வாளர்களுக்கே பல மாதங்களாகப் பணம் வரவில்லை என்ற முறையீடுகள் 2025இல் செய்திகளில் வந்தன. ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றை மனம் கனத்தே சொல்கிறேன். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ரோஹித் வேமுலா உயிரிழந்தார். அவர் விட்டுச்சென்ற கடிதத்தில், தமக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குச் சேர்ப்பியுங்கள் என்ற வேண்டுகோள் இருந்தது. அந்தச் சாவைப் பணத்துக்குள் மட்டும் அடக்கிவிட முடியாது. அப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. ஆனால் ஏழு மாதம் என்ற அந்தக் கணக்கைப் படித்தபின் நிதி அலுவலகங்களில் இருப்பவர்கள் எவரும் ஒரு கோப்பை மேசையில் கிடக்க விடக் கூடாது.

ஆய்வுக் காலமும் உதவித்தொகைக் காலமும் பொருந்தாமல் இருப்பது இன்னொரு சிக்கல். உதவித்தொகை அதிகபட்சம் ஐந்து ஆண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிகள் பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு தருகின்றன. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. மிக அதிக உழைப்பு கேட்கும் கடைசி ஆண்டு பெரும்பாலோருக்கு வருமானமே இல்லாத ஆண்டாகிறது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம், அச்சு, நூற்கட்டு, வாய்மொழித் தேர்வுச் செலவு எல்லாம் அப்போதுதான் வரிசையாக வருகின்றன.

நாள் என்பது எவ்வளவு கொடூரமாக வேலை செய்யும் என்பதை 2024இல் நாடு முழுவதும் பார்த்தது. உத்தரப் பிரதேசத்தின் ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய் இணையத்தில் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை ஐந்து மணி கடைசி நேரம். ஊரில் திரட்டிய பணத்தைக் கட்டுவதற்குள் அந்த மணி கடந்துவிட்டது, இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார். இறுதியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவருக்கு இடம் கொடுக்க உத்தரவிட்டது. இளநிலை மாணவர் என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். 17,500 ரூபாயை உரிய மணிக்குள் கொடுக்க ஒருவர் இல்லாததால் நாட்டின் தலைமை நீதிபதி அமர்ந்து தீர்க்க வேண்டியதாயிற்று. அப்படி வழக்காடி வென்றவர் ஒருவர். வழக்கே போடாமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

வெளிநாடுகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் முதுநிலை படிப்பவர் பருவ நாள்களில் வாரம் இருபது மணி நேரம் வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யலாம். எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடி வந்தால் வெளியில் வேலை செய்ய அனுமதி கேட்க அந்நாட்டு விதியில் இடமுண்டு. எவையெல்லாம் நெருக்கடி என்று அந்த விதி விரிவாகவே சொல்கிறது: வளாக வேலையை இழப்பது, உதவித்தொகை நிற்பது, நாணய மதிப்பு வீழ்வது, மருத்துவச் செலவு, ஆதரவளித்தவரின் நிலை மாறுவது. மனிதாபிமானமான பட்டியல். ஆனால் முதல் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அனுமதி வர மாதங்கள் ஆகலாம். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்து அனுப்பும் அதே ரூபாய் சில வாரங்களில் ஏறத்தாழப் பாதி டாலராகிவிட்டது. மாதக் கணக்கில் காத்திருக்க அவர்களால் எப்படி முடியும்?

2020 மார்ச்சில் அமெரிக்க அரசு கொரோனா நிவாரணச் சட்டத்தில் கல்லூரிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் குறைந்தது பாதியை நேராக மாணவர்களுக்கே அவசர நிதியாகக் கொடுக்கச் சொன்னது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது என்று கல்வித் துறை விளக்கம் அளித்தது. 2021 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது. வளாக உணவகமும் நூலகமும் மூடி, வேலை போய், விமானமும் இல்லாமல் அறையில் அடைந்து கிடந்த மாதங்கள் எல்லாம் அதற்குள் கடந்துவிட்டிருந்தன.

5. எப்படி அமைக்க வேண்டும்

இனி நான் கேட்பது. ஒவ்வொரு முதுநிலை நிறுவனத்திலும் ஒரு சிறு அவசர நிதி வேண்டும். அதன் முதல் விதி: விண்ணப்பம் வந்த இரண்டு வேலை நாளுக்குள் முடிவு, முடிவான அன்றே வங்கியில் பணம். மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவையாக இருக்க வேண்டும்.

அப்படி என்றால் வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. வருமானச் சான்றிதழ் கடந்த ஆண்டு வீட்டில் என்ன வந்தது என்று சொல்லும் தாள். அந்த வருமானம் இந்த மாதம் நின்றுபோனதுதானே நெருக்கடி? கஜாவில் தோப்பை இழந்தவரின் சான்றிதழ் அவரைத் தகுதியற்றவராகக் காட்டியிருக்கும். இறப்புச் சான்றிதழையும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. இறப்பைப் பதியவே சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. அடக்கத்துக்கு ஊருக்குப் போகப் பேருந்துக் காசு இல்லாதவரிடம் அந்தத் தாளைக் கேட்பது கொடுமை. சான்று வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் போன பிறகு, ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சான்று தரட்டும். மருத்துவமனைச் சீட்டு போதும்.

வழிகாட்டியின் கையெழுத்தும் கட்டாயம் ஆகக் கூடாது. இதை ஆசிரிய நண்பர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வாளரின் வாழ்க்கையில் எல்லாமே ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. சில நேரம் அந்தக் கைக்குரியவர் வெளியூரில் இருப்பார். சில நேரம் மனக்கசப்பு அங்கேயே இருக்கும். மூன்று பேர் குழு, அதில் எந்த இருவர் ஒப்பினாலும் போதும், ஒருவர் கட்டாயம் பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடனாகக் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க் கடனை வசூலிக்க நாம் எழுதும் கடிதங்களின் செலவும் சங்கடமும் அந்தத் தொகையைவிடப் பெரிது. ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கும் ஒருவருக்கு இன்னொரு கடனைக் கொடுத்து அவசர உதவி என்று பெயர் வைக்க முடியாது. பின்னாளில் வேலைக்குப் போனபின் அவராக விரும்பிக் கொடுத்தால் நிதியில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களை என்ன செய்வது? இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பள்ளியில் முதல் மதிப்பெண், ஊரில் முதல் முதுநிலைப் பட்டதாரி என்று பெயர் எடுத்தவர் பணம் இல்லை என்று சொல்ல நாக்கைக் கடித்துக்கொள்வார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் இதற்கு ஒரு வழி கண்டது. பட்டத்தை நெருங்கிவிட்ட நிலையில் சிறு கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களை அலுவலகமே கணக்கில் பார்த்துக் கண்டுபிடித்து, விண்ணப்பம் கேட்காமலே அந்தப் பாக்கியை நேர் செய்தது. நம்மிடமும் தகவல் இருக்கிறது. மெஸ் பில் யார் கட்டவில்லை என்று விடுதிக் காப்பாளருக்குத் தெரியும். தேர்வுக் கட்டணம் யாருடையது வரவில்லை என்று பிரிவு எழுத்தருக்குத் தெரியும். மதியம் சாப்பிடப் போகாமல் வாசிப்பறையிலேயே இருப்பவர் யார் என்று நூலக உதவியாளருக்குத் தெரியும். இவர்கள் மூவரும் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உதவி பெற்றவரின் பெயர் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. அறிவிப்புப் பலகை, காசோலை வழங்கும் புகைப்படம், ஆண்டறிக்கையில் பட்டியல் எதுவும் வேண்டாம். தணிக்கைக்கு எண்கள் போதும்.

இதோடு பணம் செலவாகாத மூன்று காரியங்களையும் சேர்க்க வேண்டும். பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவதில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. ஏற்கெனவே சொல்லியிருக்கிறது, அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெருக்கடியால் விலகுபவருக்கு இரண்டு ஆண்டுவரை இடம் காத்திருக்கும் என்று கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்களை வழங்கியது. வழக்கமாக மாதக் கணக்கில் இழுக்கும் வேலை அப்போது விரைவாக நடந்தது. வெள்ளம் வந்தபோது முடிந்தது, ஒரே ஒரு வீட்டில் இடி விழும்போதும் முடிய வேண்டும்.

6. ஏமாற்றுவார்களே என்ற அச்சமும் பணமும்

ஏமாற்றுவோர் இருக்கலாம். ஆண்டுக்கு இருபது பேரில் ஒருவர் பொய் சொன்னால் பத்தாயிரம் ரூபாய் போகும். அந்த ஒருவரைத் தடுக்க நாம் கேட்கும் ஐந்து சான்றிதழ்கள் மற்ற பத்தொன்பது பேரின் நாள்களைத் தின்றுவிடும். இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பணம் எங்கிருந்து வரும்? 400 முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களும் உள்ள ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருபதில் ஒருவருக்கு, அதாவது 20 பேருக்கு, சராசரி 10,000 ரூபாய் என்றால் 2,00,000 ரூபாய். 40 ஆசிரியர்கள் மாதம் 500 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 2,40,000 வருகிறது. முதலீட்டு வட்டியில் நடத்த வேண்டும் என்றால் ஏழு விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் வேண்டும். முன்னாள் மாணவர்கள் மனம் வைத்தால் அதுவும் எட்டாத தொகையில்லை.

அறக்கட்டளைகளைப் பற்றி ஒன்று. நம் பல்கலைக்கழகங்களில் தங்கப் பதக்கத்துக்கும் சொற்பொழிவுக்கும் எத்தனையோ அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவற்றின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அப்படி ஒன்றின் அழைப்பில்தான் இங்கே நிற்கிறேன். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தருமச் சொத்து வழக்குகளில் சிக்கிக் கிடந்து, அதன் உபரியில் இருந்து 1842இல்தான் பள்ளி திறக்கப்பட்டது. அந்தப் பள்ளிதான் பிறகு ராமானுஜன் படித்த கல்லூரியாக வளர்ந்தது. கோயில் தருமங்களுக்கென்று எழுதி வைத்த செல்வத்தின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியது இங்கே நடந்திருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. நிறுவியவர்களின் குடும்பத்தார் உயிரோடு இருந்து சம்மதம் தரும்போது அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

இந்த அறக்கட்டளையின் ஆவணத்தில், சொற்பொழிவுச் செலவு போக மிஞ்சும் வட்டியை முதுநிலை மாணவர்களின் அவசர உதவிக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு சேர்க்க வேண்டுகிறேன். அதற்கான ஒரு பக்க வரைவையும், விண்ணப்பப் படிவத்தின் மாதிரியையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிவத்தில் பெயர், பதிவு எண், வங்கிக் கணக்கு, தொகை, என்ன நடந்தது என்பதற்கு ஐந்து வரி மட்டும். குடும்பத்தாரிடமும் பதிவாளரிடமும் இதைக் கொடுக்கிறேன். இந்தப் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதிக்கு முன் ஆட்சிக் குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.